மைலேஜ் சிப், காந்தம், ஸ்டெபிலைசர்: மாட்டும் முன் காரில் எதைப் பார்ப்பது? அறிகுறி வாரியாக

மைலேஜையோ பிக்கப்பையோ கூட்டும் என்று சொல்லி விற்கும், முன்னூறு ரூபாயிலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை விலையுள்ள ஏதோ ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, "முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது, இப்போது பழையபடி ஆகிவிட்டது" என்ற குறையோடு பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையிலேயே ஏதோ ஒரு பழுது இருக்கிறது. அது கருவியால் வந்ததும் அல்ல, கருவியால் போகக்கூடியதும் அல்ல. இறுகிய பிரேக், கிழிந்த ரப்பர் ஹோஸ், துருவேறிய எர்த் ஒயர் என்று பார்த்த உடனே தெரியக்கூடிய ஒன்றாகவே அநேகமாக இருக்கும். கருவியை நம்பிக் காத்திருந்த இரண்டு மாதத்தில் அந்தப் பழுது முற்றி, ஐந்நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஐயாயிரத்தில் போய் நிற்கும். அதனால்தான் இந்தக் குறிப்பு கருவியிலிருந்து தொடங்காமல் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. இது பெட்ரோல் கார்களுக்காக எழுதியது. டீசலுக்கு டயர், பிரேக், கிளட்ச், பேட்டரி பற்றிய பகுதிகள் மட்டும் அப்படியே பொருந்தும்.

## தொடங்கும் முன்

விலை மலிந்த கருவிகளில் வாங்கத் தகுந்தவை மூன்று உண்டு, மூன்றுமே அளந்து சொல்பவை: டயரில் காற்றுப் பார்க்கும் கேஜ், சாதாரண மல்டிமீட்டர், ஈஎல்எம்327 என்ற பெயரில் விற்கும் ப்ளூடூத் ஸ்கேனர் (டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஓபிடி என்ற சோதனை பிளக்கில் செருகி, எஞ்சின் கணினி சொல்வதை ஃபோனில் படிப்பது). மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல மைலேஜ் சிப்பின் விலைக்குள் அடங்கிவிடும்.

மைலேஜைத் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதேபோல் நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஒரு டேங்க் போதாது, மூன்று டேங்க் தேவை. கருவி மாட்டும்போது பேட்டரியைக் கழற்றச் சொல்வார்கள், பிறகு 150 அல்லது 200 கிலோமீட்டர் ஓட்டினால் சிப் பழகிக்கொள்ளும் என்பார்கள். பேட்டரியைக் கழற்றியதும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதுவரை கற்றிருந்த திருத்தங்களை மறந்து புதிதாகக் கற்கத் தொடங்குவதால் சில நாளைக்கு வண்டி வேறு மாதிரி இருக்கும். பணம் கொடுத்து வாங்கியவர் அந்த நாட்களில் ஆக்ஸிலரேட்டரையும் பார்த்து மிதிப்பார். முதல் மாதத்து நல்ல செய்தி அங்கிருந்துதான் வருகிறது.

## அறிகுறி 1: மைலேஜ் குறைந்துவிட்டது

### முதலில் டயர்

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு நான்கு டயர்களையும் ஒப்பிட வேண்டும். நான்கிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. அதாவது 8 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் இழப்பு 1.6 சதவீதம். சிறிய தொகைதான். ஆனால் காசில்லாமல் திரும்பக் கிடைப்பது.

### அடுத்து பிரேக்

பத்துக் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில், முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் ஓட்டி, மெல்ல உருட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்கு அருகிலும் தொடாமல் கையைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை என்று பொருள். சமதரையில் நியூட்ரலில் போட்டு ஒருவர் தள்ளினாலே சிறிய கார் நகர வேண்டும்; இரண்டு பேர் முக்கித் தள்ள வேண்டியிருந்தால் அதுவும் அதே சேதிதான்.

இதில் ஒரு வண்டியை மறக்க முடியாது. லிட்டருக்கு 17 கொடுத்துக்கொண்டிருந்தது 13க்கு இறங்கியதால் உரிமையாளர் ஆன்லைனில் ஒரு மைலேஜ் சிப் வாங்கி மாட்டியிருந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் அதன் மூன்று எல்இடி விளக்குகளும் மும்முரமாக மின்னிக்கொண்டிருக்க, பின்பக்க இடது டிரம்மிலோ தண்ணீர் தெளித்தால் சீறும் அளவுக்குச் சூடு. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. கேபிளையும் லைனிங்கையும் மாற்றியதும் வண்டி பழைய 17க்குத் திரும்பியது. கழற்றிய சிப்பைத் திறந்து பார்த்தபோது, 16 முனைகள் கொண்ட அதன் ஓபிடி பிளக்கில் பேட்டரிக்கான 16ஆம் முனைக்கும் எர்த்துக்கான 4ஆம் முனைக்கும் மட்டுமே ஒயர் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஈசியூவோடு பேசுவதற்கான கேன் இணைப்பு இருக்க வேண்டிய 6, 14ஆம் முனைகளின் துளைகள் காலி. விளக்கு எரிவதற்கு வேண்டிய மின்சாரத்தை எடுப்பதைத் தவிர அதனால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

எல்லா சிப்பும் அப்படி இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: நைட்ரோ ஓபிடி2 என்ற பெயரில் உலகெங்கும் விற்ற கருவியை 2017இல் பிரான்சைச் சேர்ந்த க்வார்க்ஸ்லேப் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் பிரித்து ஆராய்ந்தது. அது காரின் கேன் இணைப்பில் ஒரு செய்தியைக்கூட அனுப்பவில்லை. உள்ளே இருந்த மின்னணுச் சில்லைத் திறந்து பார்த்தபோது, அனுப்புவதற்கான பகுதியே அதில் இல்லை.

### பெட்ரோல் மாறியிருக்கிறதா?

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எனவே 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலிலிருந்து 20 சதவீதம் கலந்த இ20க்கு மாறும்போது, அதற்கென்று அமைக்கப்படாத எஞ்சினில் மூன்று முதல் நான்கு சதவீதம் குறைவது கணக்கிலேயே இருக்கிறது. 18 கொடுத்த வண்டி 17.4 கொடுத்தால் அது பழுதல்ல. அதற்காக எதையும் கழற்ற வேண்டாம், எதையும் மாட்டவும் வேண்டாம். 18 கொடுத்த வண்டி 14 கொடுத்தால் பழியை எத்தனால் மேல் போடாமல் மேற்கொண்டு தேட வேண்டும்.

### தெர்மோஸ்டாட், ஆக்ஸிஜன் சென்சார்

ஸ்கேனரை மாட்டி கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓடிய பிறகும் அது 80 டிகிரியைத் தொடாமல் 65, 70 என்று தடுமாறினால், எஞ்சின் சூடாகும் வரை மூடியிருக்க வேண்டிய வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாகக் கருதி ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடுகளில் பி0128 இதற்குரியது. வண்டி சூடாகிறது என்று எப்போதோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டுப் போயிருப்பதும் நம் ஊரில் சகஜம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்க்கலாம்; பெட்ரோல் அளவை ஈசியூ தானாக எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதே அது. அது கூட்டல் ஐந்துக்கும் கழித்தல் ஐந்துக்கும் இடையில் நின்றால் கவலையில்லை. இ20 ஊற்றிய பழைய கார்களில் அது கூட்டல் பக்கம் சற்று ஏறி நிற்பது இயல்பு. கழித்தல் பத்துக்கும் கீழே போனால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது: ஒழுகும் இன்ஜெக்டராகவோ கெட்டுப்போன சென்சாராகவோ இருக்கலாம். இந்த இடத்தில் நிறுத்தி, வண்டியைக் கையில் எடுக்கத் தெரிந்தவரிடம் விட வேண்டும். இணையத்தில் பார்த்து ஆக்ஸிஜன் சென்சாரை (புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளப்பது) வாங்கி மாற்றி, அதன் பிறகும் குறை போகாமல் வந்தவர்கள் அதிகம்.

### இந்த அறிகுறிக்கு விற்கப்படும் மற்றவை

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம் எதையும் செய்யாது. பெட்ரோல் காந்தத்துக்கு வசப்படும் பொருள் அல்ல. ஒன்றும் செய்யாத கருவிகளில் இது மிகச் சாதுவானது, மாட்டியிருந்தால் கழற்றக்கூட வேண்டாம்.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுத்து எஞ்சினுக்குள் விடும் பெட்டி அப்படிச் சாதுவானது அல்ல. அது 15 ஆம்பியர் இழுத்தால் 14 வோல்ட்டில் 210 வாட். அதை ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) வழியாகக் கொடுப்பது எஞ்சினே. பெட்ரோலை எரித்து மின்சாரம் ஆக்கி, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வந்த வாயுவை எரித்துப் பெட்ரோலை மிச்சப்படுத்துவதாகச் சொல்வது, கடன் வாங்கி வட்டிக்கு விட்டு அந்த வட்டியில் கடனை அடைக்கப் பார்ப்பது போன்றது. அதோடு, வெடிக்கக்கூடிய வாயு பானெட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் குழாயில் போகிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற 100க்கும் மேற்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளைப் பரிசீலித்தோ சோதித்தோ பார்த்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்தும் ஒன்றைக்கூடக் காணவில்லை.

## அறிகுறி 2: பிக்கப் இல்லை, மேடு ஏறத் திணறுகிறது

### ஏர் ஃபில்டர்

ஃபில்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தால் மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்த ஃபில்டர் மைலேஜைக் கெடுக்கும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், ஈசியூ கட்டுப்பாட்டில் இயங்கும் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, முடுக்கம்தான் குறைந்தது. ஆகவே இந்த அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுவே. கம்பெனி ஃபில்டரை மாற்றினால் போதும்.

எண்ணெய் தடவிய "பெர்ஃபார்மன்ஸ்" ஃபில்டர் வாங்கியவர்களுக்கு ஒரு கிளைவழி உண்டு. உங்கள் காரில் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் இருந்தால் (பல சிறிய பெட்ரோல் கார்களில் அது கிடையாது, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான்), அளவுக்கு மிஞ்சித் தடவிய எண்ணெய் அதன் மெல்லிய கம்பியில் படிந்து தவறான அளவைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். துணியோ பிரஷ்ஷோ பட்டால் புது சென்சார்தான்.

### ஸ்பார்க் பிளக்

சாதாரண பிளக்காக இருந்து 30,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை மழுங்கியிருந்தாலும், பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். முனை செம்பழுப்பாக, துருப்பொடி தடவியது போல் இருந்தால் நாக்கிங்கைத் தடுப்பதாகச் சொல்லிப் பெட்ரோலில் கலக்க விற்கும் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றுகிறீர்களா என்று கேட்பேன்; அவற்றில் சிலவற்றில் இருக்கும் மாங்கனீஸ் அல்லது இரும்புச் சேர்மங்கள் விட்டுச்செல்லும் படிவு அது. மேடேறும்போது எஞ்சின் "கிட கிட" என்று நாக்கிங் செய்தால் மட்டுமே ஆக்டேனைப் பற்றிப் பேச வேண்டும், அப்போதும் பூஸ்டர் பாட்டிலைவிட பங்க்கில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலே நம்பகமானது. நாக்கிங் இல்லாத சாதாரண எஞ்சினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

### கிளட்ச் நழுவுகிறதா?

ஆளில்லாத சாலையில் மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்க வேண்டும். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேக முள் சோம்பலாகப் பின்னால் வந்தால் எஞ்சினில் குறை இல்லை, கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய வண்டிகளில், கருகிய வாடையோடு, இந்தக் குறை அடிக்கடி வரும். கிளட்ச் நழுவும் வண்டிக்குப் பிக்கப் கருவி விற்பது போன்ற கொடுமை வேறில்லை, ஏனெனில் பிளேட்டோடு போக வேண்டியது, அது அழுந்தி நிற்கும் ஃப்ளைவீலையும் சேர்த்துக்கொண்டு போகிறது. இது பட்டறை வேலை.

### இவை எல்லாம் சரி எனில்

அழுக்குப் படிந்த த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பகுதி), அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்ப், அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி) என்று விலை ஏறிக்கொண்டே போகும். வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறவே மறுத்து, கன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில் அசாதாரணச் சூடு தெரிந்தால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. பம்ப்பின் அழுத்தத்தை வீட்டில் அளக்க முயலவும் கூடாது.

### இந்த அறிகுறிக்கு விற்கப்படும் மற்றவை

காற்றுக் குழாய்க்குள் செருகும் தகர விசிறி, காற்றைச் சுழற்றி அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டு அதன் வழியை அடைக்கிறது. கழற்றிவிடுங்கள், அதன் இதழ் ஒன்று உடைந்து உள்ளே போனால் நட்டம் எஞ்சினுக்கு. காற்று வெப்பநிலை சென்சாரின் ஒயரில் மாட்டச் சொல்லும் "சிப்" வெறும் ரெசிஸ்டர், கடையில் உதிரியாக வாங்கினால் ஒரு ரூபாய். காற்று குளிராக இருப்பதாக ஈசியூவை ஏமாற்றிக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வைப்பது அதன் திட்டம். ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டு சில நிமிடங்களில் பழைய அளவுக்கே குறைத்துவிடும்.

## அறிகுறி 3: ஐடிலிங்கில் குலுங்குகிறது, சிக்னலில் அணைந்துபோகிறது

பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது "ஸ்ஸ்" என்ற காற்றுச் சத்தம் எங்காவது கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சுவது) இரண்டையும் கையால் வளைத்துப் பார்த்தால், வெயிலில் காய்ந்த ரப்பர் வெடிப்பு விட்டிருப்பது தெரியும். ஸ்கேனரில் ட்ரிம் கூட்டல் பத்துக்கு மேல் நின்று, ஆர்பிஎம்மை 2,500க்கு ஏற்றியதும் இறங்கினால் காற்றுக் கசிவு உறுதி. கசிவைக் கண்டுபிடிக்க கார்புரேட்டர் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் அடித்துத் தீப்பிடித்த கதையும் உண்டு, வேண்டாம்.

கருவி மாட்டிய பிறகே இந்தக் குலுக்கம் வந்தது எனில் எஞ்சின் உறிஞ்சும் பக்கத்திலுள்ள வேக்கம் ஹோஸை வெட்டி டி இணைப்புப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காற்றைக் கூடுதலாக விட்டு மைலேஜ் தருவதாகச் சொல்லும் வால்வுகள் அப்படித்தான் மாட்டப்படுகின்றன. அதாவது எந்தக் கசிவைத் தேடி அடைக்கிறோமோ அதையே விலைக்கு விற்கிறார்கள். வால்வை எடுத்துவிட்டு வெட்டிய ஹோஸைப் புதிதாக மாற்ற வேண்டும். ஒட்டுப் போட்ட ஹோஸ் நிற்காது.

கசிவு இல்லையெனில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யலாம். எலெக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் தட்டை விரலால் தள்ளக் கூடாது, சுத்தம் செய்த பிறகு ஐடிலிங்கை ஸ்கேனரால் மீண்டும் கற்பிக்க வேண்டியும் வரலாம், ஆகவே அதைப் பட்டறையில் கொடுப்பதே லாபம்.

## அறிகுறி 4: காலையில் செல்ஃப் இழுக்கவில்லை

இரவு முழுக்க நின்ற பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2க்குக் கீழே என்றால் பாதிக்கும் குறைவு. ஸ்டார்ட் செய்ததும் 13.8 முதல் 14.5 வரை ஏறினால் ஆல்டர்னேட்டர் நலம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுக்கவில்லை எனில், பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த்தைப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால், மீட்டர் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து முறுக்க வேண்டும். "கிரவுண்டிங் கிட்" என்று வண்ண வண்ண ஒயர்களாக விற்பது சிலருக்கு வேலை செய்வதாகச் சொல்லப்படுவதன் காரணம் இதுதான்: அவர்கள் வண்டியில் பழைய எர்த் கெட்டிருந்தது. சில நூறு ரூபாயில் ஒரே ஒரு எர்த் ஒயர் மாற்றியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று விற்கும் பெட்டி ஒன்றைப் பிரித்தபோது உள்ளே 2,200 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மூன்றும் ஒரு நீல விளக்கும் இருந்தன. மூன்றும் சேர்ந்து 12.6 வோல்ட்டில் சேமிப்பது அரை ஜூல். சிறிய காரின் செல்ஃப் மோட்டார் ஒரு நொடிக்கு 1,000 ஜூலுக்குக் குறையாமல் உறிஞ்சும். ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அந்தப் பெட்டி உதவுகிறது.

பேட்டரி, சார்ஜிங், எர்த் மூன்றும் சரியாக இருந்தும் சில நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது எனில் ஓபிடி பிளக்கில் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதன் 16ஆம் முனையில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் உண்டு. காரின் சொந்தத் தேவை 25 மில்லி ஆம்பியர், கருவி 40 இழுக்கிறது என்று வைத்தால் நாளொன்றுக்கு 1.56 ஆம்பியர் மணி போகிறது; 35 ஆம்பியர் மணி பேட்டரி 11 நாளில் பாதியாகும். நான் வாங்கச் சொன்ன ஸ்கேனருக்கும் இது பொருந்தும், வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றியும் இறங்குகிறது எனில் ஃபியூஸ் ஃபியூஸாகப் பிரித்துத் தேட வேண்டிய வேலை அது, எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகலாம்.

## அறிகுறி 5: எஞ்சின் விளக்கு எரிகிறது

விளக்கு மின்னி மின்னி எரிந்தால் எஞ்சின் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிவிடும் என்பதால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஆளை வரவழைக்க வேண்டும். மற்ற அறிகுறிகளில் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாம், இதில் கூடாது.

நிலையாக எரிந்தால் மாட்டிய கருவிகள் அனைத்தையும் கழற்றி, ஸ்கேனரில் குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும் முன் அழித்துவிட்டால் மெக்கானிக்குக் கையில் எதுவும் இருக்காது. பி0171 என்றால் மூன்றாம் அறிகுறிக்குப் போய்க் காற்றுக் கசிவைத் தேடவும். பி0113 என்றால் காற்று வெப்பநிலை சென்சாரின் ஒயர். ரெசிஸ்டர் மாட்டியவர்களுக்கு இது வந்தால் ஒயரை எங்கே வெட்டி முறுக்கினார்கள் என்று பார்க்கவும். பி0300 மிஸ்ஸிங், பிளக்கிலிருந்து தொடங்கலாம். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தால் உடனே கன்வெர்ட்டரை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். சைலன்சர் குழாயின் கசிவும் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரும் முதலில் பார்க்கப்பட வேண்டும். கருவியைக் கழற்றி, குறியீட்டை அழித்து, இரண்டு மூன்று நாள் ஓட்டியும் விளக்கு திரும்பி வராவிட்டால் வேலை முடிந்தது. வந்தால் பட்டறை.

## அறிகுறியே இல்லை, இன்னும் வேகம் வேண்டும்

த்ராட்டில் கன்ட்ரோலர் என்ற பெட்டி, தான் செய்வதாகச் சொல்வதில் பாதியைச் செய்கிறது: பெடலைக் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக ஈசியூவிடம் சொல்லும். மிதிக்கும்போது மந்தமாகத் தெரிந்த வண்டி துடிப்பாகத் தெரியும்; முழுக்க மிதித்தால் இருந்த திறன்தான் இருக்கும், ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாகாது.

உண்மையிலேயே திறனைக் கூட்டுவது டர்போ எஞ்சின்களில் செய்யும் ரீமேப், அதாவது ஈசியூவின் மென்பொருளை மாற்றி எழுதுவது. அது மலிவும் அல்ல, டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினில் அதனால் கிடைப்பது மிகக் குறைவு. செய்தால் கம்பெனி வாரண்டி போகும். தயாரிப்பாளரின் குறிப்புகளிலிருந்து மாறும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதித் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக் கோரிக்கையின்போது எழுந்து நிற்கும். இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்பவர், முதலில் கிளட்சை மூன்றாம் கியரில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், ஏனெனில் கூடிய திறன் முதலில் தேய்ப்பது அதைத்தான்.